ஏழாவது தோல்வி

சான் பெர்னாபே,
மே 8

அன்புள்ள அண்ணன் செவெரோ அவர்களுக்கு,

தம்பி நாசாரியோ பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் ஒப்தூலியாவும் எங்கள் பெண்கள் இருவரும் மாவு மில்லும் சுகம். வெராக்ரூஸில் நீங்களும் அண்ணியும் உங்கள் இடது முழங்காலும் சுகமாயிருக்க குவாதலூப்பே மாதாவை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதினேனே தவிர, என் முதுகில் மூன்று இடம் வீங்கியிருக்கிறது. அடித்தது ஒப்தூலியா. கோபப்படாமல் முழுதும் படியுங்கள்.

வருஷா வருஷம் மே ஐந்தாம் தேதி பழைய பூவெப்லா சண்டையை எங்கள் ஊர் மலையில் வேஷம் கட்டித் திரும்பப் போடுவது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் படை மலையேறப் பார்க்கும், நம்மவர்கள் அடித்து விரட்டுவார்கள். பிரெஞ்சுக்காரனாக நிற்க எவனுக்கு மனசு வரும்? அதனால் வெளியூரிலிருந்து குடிவந்தவன் ஏழு வருஷம் பிரெஞ்சுக்காரனாகத் தோற்க வேண்டும், அப்புறம்தான் மெக்சிகோ பட்டியலில் பேர் ஏறும் என்று ஏழு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள். இருபது வருஷமாக இந்த ஊர்ச் சோளத்தை அரைக்கிறேன். என் மாவில் சுட்ட ரொட்டியைத் தின்னாத வாய் இங்கே இல்லை. இருந்தும் பெண்டாட்டி மெக்சிகோ, பிள்ளைகள் மெக்சிகோ, வீட்டில் நான் ஒருவன் மட்டும் அந்நியப் படை. இது எனக்கு ஏழாவது வருஷம், அண்ணா. இந்த ஒரு தரம் ஒழுங்காகத் தோற்றுவிட்டால் நானும் ஊர்க்காரன்.

வினை சாப்பாட்டில் வந்தது. மெக்சிகோ படை சண்டைக்கு முன்னால் சாப்பிடும். பிரெஞ்சுப் படைக்குத் தோற்ற பிறகுதான் சோறு. இந்த வருஷம் விருந்து தோன்யா எவுலாலியா வீட்டில். வான்கோழி மோலேக் குழம்பின் வாசனை மலையடிவாரம் வரை வந்து எங்களை வாட்டியது. இரண்டாவது தட்டை மறுத்தால் வீட்டுக்காரியை அவமதித்ததாகும் என்பதால் அங்கே ஒருவரும் மறுக்கவில்லை, மூன்றாவதையும் மறுக்கவில்லை, நாலாவதற்குப் பிறகு படை மொத்தமும் மரத்தடியில் வாளைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டது. கோயில் மணி மூன்று அடித்தது. நாங்களோ பசியில் சீக்கிரம் தோற்றுவிடும் அவசரத்தில் ஏறினோம். பாதி மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. "யாராவது இருக்கீங்களாப்பா? நாங்க வந்துட்டோம், வந்து விரட்டுங்க" என்று கத்திக்கொண்டே போனதில், உச்சியே வந்துவிட்டது. எங்கள் கொடியைச் சுமந்து வந்த ரொட்டிக்கடை நாபோர், கை வலிக்கிறதென்று பிரெஞ்சுக் கொடியைப் பாறை இடுக்கில் சொருகித் தொலைத்தான்.

கீழே ஊரே பார்த்தது. ஒரு குழந்தை "பிரெஞ்சுக்காரன் ஜெயிச்சுட்டான்" என்று அழ ஆரம்பித்தது. அவ்வளவுதான், அடுப்படியிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கரண்டியும் துடைப்பமுமாக மலையேறினார்கள். முன்னால் வந்தவள் என் தர்மபத்தினி ஒப்தூலியா.

"ஏ, நான்தாண்டி, நாசாரியோ" என்றேன்.

"தெரியுதுய்யா, ஓடு" என்றாள், மோலே கிளறும் மரக்கரண்டியால் ஒன்று வைத்து. முதல் அடி நாட்டுக்காக. மற்ற இரண்டும் கூரை ஒழுகலைச் சரிசெய்யாததற்கு என்று நினைக்கிறேன். நாங்கள் மனசாரத் தோற்று, விழுந்தடித்து ஓடினோம்.

மறுநாள் கமிட்டித் தலைவர் டான் மசெதோனியோவிடம் பேர் எழுதப் போனேன்.

"பொம்பளைங்ககிட்ட தோத்ததெல்லாம் சேர்த்தி இல்லப்பா" என்றார்.

"ஓடினது நிஜந்தானே? முதுகைப் பாருங்க."

"அதை விடு. இத்தனை வருஷத்துல இந்த மலை மேல கொடி நட்ட பிரெஞ்சுப் படை உங்க படை ஒண்ணுதான். முதல் வருஷத்துலேருந்து மறுபடி ஆரம்பி."

அண்ணா, ஐம்பத்து மூன்று வயதில் இன்னும் ஏழு வருஷம் என்னால் ஓட முடியாது. என்னை வேண்டாத ஊரில் எனக்கென்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை உங்கள் அன்னாசி லாரியை அனுப்புங்கள். அரவைக் கல்லைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஒப்தூலியாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணிக்கு என் வணக்கங்கள், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். மாதா உங்கள் கூரையையும் லாரியையும் காக்கட்டும்.

தங்கள் பாசமுள்ள தம்பி,
நாசாரியோ

பின்குறிப்பு: லாரி வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் ஒப்தூலியா வந்து, எட்டிப் படித்துவிட்டாள். "எந்த லாரி? காலையில நாங்க எல்லாரும் மசெதோனியோ வீட்டுக்குப் போனோம். எங்ககிட்ட தோத்தது தோல்வி இல்லன்னா, நாங்க ஆக்கினதும் சோறு இல்ல, இனிமே அடுப்பு எரியாதுன்னு சொன்னேன். அடுத்த வருஷம் மெக்சிகோ படை நாங்கதான். தின்னுட்டுத் தூங்கினவனெல்லாம், மசெதோனியோவும் சேர்த்து, ஏழு வருஷத்துக்குப் பிரெஞ்சுக்காரன்" என்றாள். புதுப் பட்டியலில் ஒரே ஓர் ஆண் பேர்தான் இருக்கிறதாம். என் பேர். நான் அழுதேன், அண்ணா, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். இப்போது டான் மசெதோனியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி மில் வாசலில் நிற்கிறார். "நாசாரியோ, அடி விழும்போது முதுகைக் காட்டணுமா, தோளைக் காட்டணுமா?" என்று கேட்கிறார். போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.