நான் திருத்திய அயர்லாந்துக்காரர்

என் ஆயுசில் நான் திருத்தியது ஒரே ஒரு ஆளைத்தான். அவர் அயர்லாந்துக்காரர், எழுபது தாண்டியவர். திருந்திய விஷயம் அவருக்கே தெரியாது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. திருநகரில் ஒரு வீட்டு மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு நடந்த கம்பெனியில் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுக் கேசட்டுகளைக் கேட்டு, பேசினதைப் பேசினபடியே டைப் அடிக்கும் வேலை. அந்த மாதம் வந்தவை, அயர்லாந்துப் பெரியவர்கள் தாங்கள் வேலை பார்த்த காலத்தைப் பற்றிச் சொன்னவை. யாரோ புத்தகம் போடுகிறார்களாம். மூன்று மாதம் ஒழுங்காக அடித்தால்தான் வேலை நிரந்தரம். அப்பா அதற்குள் பேரையூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவரிடமெல்லாம், "பையன் அயர்லாந்து கம்பெனியில இருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டார். (வேலை போனால் எந்த முகத்தோடு ஊரில் போய் இறங்க?)

எனக்கு வாய்த்தவர் ரொட்டி பேக்டரியில் நாற்பது வருஷம் மாவு பிசைந்தவர். மனுஷன் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான். அடுப்புக்கு ஒன்று, மாவு மூட்டைக்கு ஒன்று, மேஸ்திரிக்கு மட்டும் மூன்று. எனக்குப் பதறிப்போயிற்று. வயசானவர், ஏதோ வேகத்தில் பேசிவிட்டார், நாளைக்குப் பேரன் பேத்தி படிக்க வேண்டாமா? அத்தனையையும் எடுத்துவிட்டேன். மேஸ்திரியைத் திட்டிய இடமெல்லாம் 'சார்' போட்டேன். முடிவில் சாருக்கு ஒரு நன்றியுரையும் சேர்த்தேன்!

அனுப்பிய பத்தே நாளில் பதில் வந்தது. ஓனர் அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"அவரு மக எழுதியிருக்கு. இது எங்கப்பாவே இல்லையாம். அவரு இம்புட்டு மரியாதையாப் பேசியிருந்தா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிட்டிருப்போம்ங்குது! சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா அடிச்சுக் குடு. இல்ல, நாளைக்கு வராத மாப்ள."

அடித்துவிட்டேன். ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். புகார் வந்து திரும்ப அடித்த தாள் என்றால், ஒருவர் உரக்கப் படிக்க, அடித்தவர் கேசட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். படிப்பவர் கிரேஸ் டீச்சர். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவர், சர்ச்சில் ஞாயிறு பள்ளியும் நடத்துபவர்.

"டீச்சர், இதை மட்டும் நானே பாத்துக்கிறேனே..."

"வேலைன்னா வேலைதான் தம்பி. குடு."

கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்! வகுப்பில் செய்யுள் படிக்கிற அதே கணீர்க் குரல். ஒவ்வொரு வசவுக்கும் சுத்தமான உச்சரிப்பு. கீழ்வீட்டு அம்மா கரண்டியோடு மாடியேறி வந்து, "யாரு டீச்சர் உங்களை வம்புக்கு இழுத்தது, இவனா?" என்று என்னை முறைத்தார். எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாவது பக்கத்தில் டீச்சர் நின்றுவிட்டார். மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர அந்தப் பெரியவர் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறார். மேஸ்திரி விடவில்லை. (அந்த இடத்தில்தான் நான் முதலில் 'சார் அனுமதிக்கவில்லை' என்று அழகாக அடித்திருந்தேன்.) டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த மேஸ்திரியை ஒரு வார்த்தை சொன்னார்.

"டீச்சர், அது டேப்புல இல்லையே!"

"அது நான் சொன்னது. நீ அடிக்காத."

எனக்கு ரொம்ப வெட்கமாகப் போயிற்று. பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாத ஒரு மனுஷனின் கோபத்தையல்லவா நான் துடைத்துப் போட்டிருந்தேன்! மறுவாரம் மகளிடமிருந்து இரண்டே வரி வந்தது. 'இதுதான் எங்கப்பா. நன்றி.' எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

இப்போதும் நான் போனில் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்லை சார், ரொம்ப சந்தோஷம் சார்" என்று வைத்தால் போதும், என் மகள் உள்ளேயிருந்து கேட்பாள்: "அப்பா, டேப்புல என்ன இருக்கு?"

சொல்லிவிடுவேன். சுத்தமான உச்சரிப்போடு.