காக்கைக் கூட்டில் இரண்டு விடைத்தாள்கள்

ஒரு காட்டில் ஒரு கலைக்கல்லூரி வந்துவிட்டது. அப்புறம் அங்கே நிம்மதி ஏது? அதில் படித்த கோமளம் என்ற காக்கை, கட்டுரைத் தேர்வில் அரியர் மேல் அரியர் வைத்திருந்தாள். இந்த முறையும் கோட்டை விட்டால் கல்லூரியை விட்டே போகவேண்டியதுதான்.

பேராசிரியர் எருமை இரக்கப்பட்டார். "வீட்டுக்கே கொண்டுபோய் எழுதுங்க. காட்டுக்கு மழை ஏன் வேணும்? அதான் கேள்வி. காலையில தாளை என் கொம்புல குத்திட்டுப் போங்க" என்றார்.

வீடு என்றதும் அதே வகுப்பில் படித்த பூவிழி என்ற குயிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குயிலுக்கு ஏது வீடு? ஆனால் பரம்பரைப் புத்தி சும்மா இருக்குமா? தாளில் "மழை நல்லது" என்று மட்டும் எழுதி, பெயர் போடாமல், கோமளம் இரை தேடப் போன நேரம் பார்த்து அவள் கூட்டில் வைத்துவிட்டுப் பறந்தாள்.

கோமளம் தன் விடையை அதற்கு முன்பே முடித்திருந்தாள். பேராசிரியருக்கு என்ன பிடிக்குமோ என்ற நடுக்கத்தில், "காடு தோன்றிய காலந்தொட்டே" என்று தொடங்கி, அகப்பட்ட மேற்கோளையெல்லாம் சுள்ளி பொறுக்குவதுபோல் பொறுக்கிச் செருகியிருந்தாள். மழை மட்டும் அதில் வரவே இல்லை.

திரும்பி வந்தவள் இன்னொரு தாளைப் பார்த்தாள். கூட்டில் கிடப்பதெல்லாம் தன்னுடையது என்று நம்பும் குலம் அது. "ஐயோ பாவம், இது ஏன் இப்படிச் சவலையா இருக்கு?" என்று உருகிப்போனாள். தேர்வுத் தாள்தான் முடிந்துவிட்டதே, இதற்கென்ன பயம்? போன கோடையில் குளம் வற்றி, தவளைகள் வாடகைக்குச் சேறு தேடி அலைந்த கதையை அப்படியே எழுதினாள். வேண்டாத வரிகளைக் கொத்தி எறிந்தாள். தாள் தளதளவென்று வளர்ந்தது. விடிந்ததும் பூவிழி வந்து அதைச் சத்தமில்லாமல் எடுத்துப் போய்த் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள்.

பூவிழிக்கு முதல் வகுப்பு. கோமளம் பெயில். தவளைக் கதையை எருமை வகுப்பில் உரக்கப் படித்தபோதுதான் கோமளத்துக்கு விஷயமே விளங்கியது. அவமானமும் ஆத்திரமுமாக அவரிடம் ஓடினாள்.

"சார், அதையும் நான்தான் சார் எழுதினேன்."

"அப்போ உன் தாளை ஏம்மா இந்த லட்சணத்துல எழுதின?"

"அது என்னோடது சார். பயந்துட்டேன்."

எருமை நெடுநேரம் அசைபோட்டார். "சரி, கடைசியா ஒரு மறுதேர்வு தரேன். பிழைச்சுக்கோ."

கோமளம் பிழைத்துக்கொண்டாள். மறுதேர்வுத் தாளைப் பெயரில்லாமல் பக்கத்து மரத்துக் காக்கை வேதவல்லியின் கூட்டில் வைத்தாள். வேதவல்லி அதைப் பாசமாக வளர்த்து ஆளாக்கினாள். கோமளத்துக்கும் முதல் வகுப்பு.

சேதி பரவியது. இப்போது அந்தக் கல்லூரியில் யார் தாளை யார் எழுதுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் முதல் வகுப்பு. எருமைக்குச் சிறந்த ஆசிரியர் பட்டம் தரப்போகிறார்களாம். ஏற்புரைக்கான தாளை அவர் கழுதையின் கொட்டடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நீதி: நம் விடை நன்றாக அமைய ஒரே வழி, அதை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான்.