எப்.சி. அண்ணனுக்கு எப்.சி.

நாமக்கல் பக்கம் ஓடவே தகுதியில்லாத லாரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னால் எங்கள் தெரு எப்.சி. அண்ணன் இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். லாரிகளுக்கு எப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கித் தருவதுதான் அவர் தொழில். அதற்கென்றே வீட்டுக்குப் பின்னால் புது டயர்கள் வைத்திருந்தார். ஆய்வு நாளன்று காலையில் அவை ஏதாவதொரு கிழட்டு லாரியில் ஏறும், மாலையில் இறங்கிவிடும். அந்த டயர்கள் சாலையைப் பார்த்ததைவிட ஆய்வாளர்களைப் பார்த்ததே அதிகம்.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவருக்கு மாரடைப்பு வந்தது. (தெருவில் போகியன்று என்கிறார்கள், தவறு. வெள்ளிதான்.) பிழைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து சேலத்து மருத்துவர், டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றார். இதயத் தசை எவ்வளவு கெட்டிருக்கிறது, மிச்சத் தசைக்கு உழைக்கும்போது இரத்தம் போதுகிறதா என்று பார்ப்பதற்கு.

அண்ணன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "இப்ப எனக்கே எப்.சி.ங்க!"

உடனே வேலையில் இறங்கினார். மருமகனிடம் புது ஷூ இரவல் வாங்கினார். மீசைக்கு மை பூசினார். மிச்சமிருந்த மையை நெஞ்சு முடிக்கும் பூசினார். "வண்டி பளிச்சுன்னு இருந்தாத்தானுங்க ஆய்வாளருக்கு மனசு எளகும்" என்றார்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். "நீங்களும் கூட வாங்க தம்பி. அந்த மனுசன் வாயத் தொறந்தா பொய்யிதான் வரும்" என்று என்னையும் இழுத்துப் போனார்.

மருத்துவமனையில் ஒயர் ஒட்டுவதற்காக நெஞ்சை மழித்துத் துடைத்த பெண், பஞ்சைப் பார்த்துத் திகைத்தாள். "என்னங்கய்யா, கருப்பா வருது?"

"ஒடம்புச் சூடு, கண்ணு."

எனக்குக் கூசியது. சுவரில் தொங்கிய இதயப் படத்தை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினேன்.

டிரெட்மில்லின் பட்டை நகர்ந்தது. "இன்னொரு கியரு போடு சாமி!" என்றார். பட்டையின் ஏற்றம் கூடக்கூடப் பேச்சு குறைந்தது. பிறகு சிரிப்பு மட்டும் இருந்தது. பிறகு பல் மட்டும் தெரிந்தது. மீசை மை கரைந்து தாடையில் வழிந்தது.

"நெஞ்சு வலிக்குதுங்களா?" என்றார் மருத்துவர்.

"வலியா? எனக்குங்களா?"

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் இயந்திரத்தை நிறுத்தி, அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார்.

"பாஸுங்களா?"

"இதுல பாஸ், பெயிலெல்லாம் இல்லீங்க. கோடு கீழ எறங்கீருச்சு. தசை உயிரோடதான் இருக்குது, ஆனா ரத்தம் பத்தலைன்னு அர்த்தம். காப்பாத்தலாம். வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு சொன்னாத்தான் எவ்வளவு அவசரம்னு எனக்குத் தெரியும்."

"வலியே இல்லீங்க."

"நீங்க மறைச்சா நான் ஏமாந்துருவேன். அப்புறம் அந்த நெஞ்சோட வீட்டுக்குப் போறது நானா, நீங்களா?"

வாசலில் நின்ற அக்கா, "ஏனுங்க, சொல்லுங்க" என்றார். அதட்டவில்லை. கெஞ்சினார்.

ஒயர்கள் தொங்க, திட்டுத் திட்டாகக் கறுத்த நெஞ்சோடு எழுந்து உட்கார்ந்தார் அண்ணன். தலை நிமிரவில்லை. "ரண்டாவது கியர்லயே வந்துருச்சுங்க. ஊட்டுலயும் பாத்ரூமுக்கு நடந்தாலே வருதுங்க. பெயிலாயிட்டா ஓரமா நிறுத்திப்போடுவாங்கன்னு…"

"எங்கிட்டயுமா மறைச்சீங்க?" என்றார் அக்கா.

ஆய்வாளர்கள் முன்னால் ஒருநாளும் கண் தாழாதவர், கட்டிலோரம் கிடந்த சட்டையை எடுத்து, போட்டுக்கொள்ளாமல் அதனால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பியவர் வெட்கத்தில் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. காலையில் எனக்கு போன் மட்டும் வரும். "எடது தோளு லேசா இழுக்குதுங்க. அவகிட்டயும் சொல்லீட்டனுங்க." இல்லையென்றால், "இன்னிக்கு ஒண்ணுமில்லீங்க, சத்தியமா." மனிதர் உண்மையைப் பேச ஆரம்பித்ததில் என் காலைத் தூக்கம் போயிற்று என்று நானும் வீட்டில் சலித்துக்கொள்வேன்.

போன புதன்கிழமை வெயில் ஏறியும் போன் வரவில்லை. சட்டைகூடப் போடாமல் அவர் வீட்டுக்கு நடந்தேன். உள்ளே, உப்புக் கருவாடு தின்றதற்காக அக்காவிடம் அவர் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பி வந்து, அதன் பிறகுதான் காபி குடித்தேன்.