இடியும் புயலும் ஒரே சோபாவில்

பல் துலக்கிய கையோடு கண்ணாடிக் கடைக்காரர் சபதம் போட்டார்.

"எனக்கு நண்பனே இல்லைன்னு சொன்னியே? ஞாயித்துக்கிழமை என் சிநேகிதனை இந்த சோபாவுல கொண்டாந்து உக்கார வைக்கிறேன். அப்புறம் 'போனை வைங்க'ன்னு நீ வாயைத் திறக்கக் கூடாது!"

"வரலைன்னா?"

"ஆறு மணிக்கு மேல போன் உன் கையில."

"சரிங்க," என்றாள் மனைவி.

கல்யாணமான நாளாக அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னதில்லை. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

இணைய அரட்டையில் அவர் பெயர் 'இடி'. சிநேகிதன் பெயர் 'புயல்'. மூன்று வருடமாக 'டேய் புயலு', 'சொல்றா இடி' என்று உயிரை விடுகிறார்கள். நேரில் பார்த்ததே இல்லை.

ஞாயிறு வந்தது. புயலும் வந்தது. மின்விசிறியை இரண்டில் வைத்தாலே பறந்துவிடும் உடம்பு.

"வாங்க சார்."

"வணக்கம் சார்."

அவ்வளவுதான். சோபாவின் அந்த ஓரம் புயல், இந்த ஓரம் இடி. கூரையைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்து இடியின் போன் சிணுங்கியது.

'டேய், என்னடா பேசறது?'

'தெரியலடா!' என்று இடி தட்டினார்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவரவர் திரையைப் பார்த்து.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நாலு முழ தூரத்துக்குக் கடிதப் போக்குவரத்தா? எழுந்திரிங்க! அண்ணா, படுக்கையறை பீரோவைக் கூடத்துக்கு நகர்த்தணும், கொஞ்சம் பிடிங்க. துணைக்கு ஆள் இல்லைன்னு இவர் ஒரு வருஷமா டிமிக்கி குடுக்கறாரு."

படுக்கையறை வாசல் நிலையில் பீரோ மாட்டிக்கொண்டது.

"சார், உங்க பக்கம் கொஞ்சம்..."

"சார், என் கால்..."

"என்ன சார்?"

"டேய், காலுடா! காலு!" என்று இடி அலறினார்.

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா, தடிமாடு!"

"நீ புயல்தானே? ஊதித் தள்ளேன்டா!"

அப்புறம் வாய் ஓயவில்லை. பீரோ கூடத்துக்கு வந்தபோது இருவரும் வியர்வையில் குளித்து, ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாடி? ஜெயிச்சுட்டேன்!"

"ஜெயிச்சுட்டீங்க," என்று பீரோவைத் துடைத்தாள் மனைவி.

புயல் நெளிந்தார். "டேய், எங்க வீட்டுலயும் இதே பந்தயம்டா. அடுத்த ஞாயிறு நீ வரணும்."

"வராம? உன் வீட்டு சோபாவுல கால்மேல கால் போட்டு உக்காருவேன்டா!"

மனைவியின் போன் சிணுங்கியது. படித்துவிட்டு, சிரிப்பை அடக்கியபடி கணவரிடம் நீட்டினாள். புயலின் மனைவி அனுப்பியிருந்தாள்:

'அக்கா, நம்ம திட்டம் பலிச்சுதா? இங்க பீரோ ரெண்டு இருக்கு. மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.'