இருக்கன்குடியில் நான் எடுத்த படம்

சிவகாசி,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

மதுரையில் தினசரி நடத்தும் மதிப்பிற்குரிய மைத்துனர் நல்லசிவம் அவர்களுக்கு, தங்கள் தங்கை அழகுமீனாவின் கணவனும் பட்டாசுக் கம்பெனி நடத்தி வருபவனுமாகிய சங்கிலிமுத்து எழுதிக்கொள்வது. அங்கே அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகந்தான், என்னை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.

மச்சான், இன்று காலை உங்களுக்கு ஒரு படம் அனுப்பினேன். நாளைய பேப்பரில் அதைப் போட்டுவிடாதீர்கள். போனில் சொல்லலாமே என்பீர்கள். என் போனை உங்கள் தங்கை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கம்பெனி போனில் பேசினால் வாட்ச்மேன் வரை கேட்கும். அதனால்தான் மதுரைக்கு லோடு ஏற்றி வரும் டிரைவர் காளீஸ்வரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். சீசன் விபத்தில்லாமல் முடிய வேண்டுமென்று நேர்ந்துகொண்டபடி, இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் மொட்டை போட உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது. அப்போது பக்கத்துப் பலகையில் முக்காடு போட்ட பிள்ளை ஒன்று வந்து உட்கார்ந்தது, முக்காடு விலகியது, பார்த்தால் நடிகை ரோஷினி! ஆறு வருடமாக நம் மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற அதே முகம் (அனுமதி கேட்கவில்லை என்பது நம் குடும்பத்துக்குள் இருக்கட்டும்). சவரக் கத்தியைத் தட்டிவிட்டு எழுந்து, தூணுக்குப் பின்னால் பதுங்கி, அதன் கடைசிக் கற்றை விழும்வரை காத்திருந்து படம் எடுத்தேன். முதல் பக்கத்தில் ‘படம்: சங்கிலிமுத்து’ என்று வருமே என்ற நப்பாசையில் உடனே அனுப்பியும் விட்டேன். அந்தப் பிள்ளை திரும்பியது. பதறிப்போய்க் கையிலிருந்த துணிப்பையால் முகத்தை மறைத்தேன். அது நம் கம்பெனிப் பை. அதில் முழங்கால் வரை கூந்தலோடு ரோஷினி சிரிக்கிறாள், கீழே கம்பெனி பெயர், என் போன் நம்பர்.

அந்தப் பிள்ளை சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மெதுவாகத்தான் பேசியது. “சார், எங்க அம்மா மதுரை ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாளன்னைக்கு ஆபரேஷன். மொட்டை போட்டேன்னு தெரிஞ்சா நோயி பெரிசுன்னு பயந்துருவாங்க. பேப்பர் பார்க்காம அவங்களுக்குப் பொழுது விடியாது. என் மூஞ்சிய எத்தனை பொட்டியில வேணா போட்டுக்கங்க, இதை மட்டும் வேணாம்.” சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து, ஒரு பக்கம் மைனராகவும் மறுபக்கம் பண்டாரமாகவும் நின்ற என்னைப் படம் பிடித்தது. “இப்ப எப்படி சார் இருக்கு?”

கூட வந்திருந்த அழகுமீனா அங்கேயே பிடித்துக்கொண்டாள். “ஏங்க, அம்புட்டும் நரைச்சும் புத்தி வரலையே! ஒங்க ஆத்தா ஆசுபத்திரியில கெடக்கையில நீங்க வராண்டாவுல உக்காந்து அழுதீகளே, அதை எவனாவது படம் புடிச்சிருந்தா சும்மா விட்டிருப்பீகளா?”

அதிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் வக்கீல் நோட்டீஸ் என்று தோன்றுகிறது. காலண்டர் மாரியம்மன் என்னையே முறைக்கிறாள். அதைவிட, முகம் தெரியாத அந்த அம்மாவின் கை நாளைக் காலை பேப்பரைப் பிரிப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது மச்சான். நான் ஏதோ புத்தி கெட்டு எடுத்துவிட்டேன், பத்திரிகைக்காரர்கள் உங்களுக்காவது ஈவிரக்கம் வேண்டாமா? சினிமாவுக்கு டிக்கெட் வாங்கியதால் அந்தப் பிள்ளை அழுகிற இடத்துக்குள்ளும் நுழையலாமா?

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி, வந்தால் புஸ்வாணம் தருகிறேன். நான் கும்பிட வேண்டிய தெய்வம் இன்று நீங்கள்தான்.

இப்படிக்கு,
முழு மொட்டையுடன்,
சங்கிலிமுத்து

பின்குறிப்பு: அழகுமீனா இப்போதுதான் போனைத் தந்தாள். பார்த்தால், படம் உங்களுக்கு வரவே இல்லை! பதற்றத்தில் எங்கள் விளம்பர வேலை பார்க்கும் மணிமுத்துவுக்குப் போயிருக்கிறது. நான் ரோஷினி படம் அனுப்பினாலே விளம்பரம் செய் என்றுதான் அவனுக்கு அர்த்தம். “முடியில்லாம, கண்ணு கலங்கி இருக்கேன்னு யோசிச்சேன் அண்ணாச்சி, ‘ஆனந்தக் கண்ணீர் தீபாவளி’ன்னு மேல போட்டுட்டேன், சூப்பரா இருக்கு” என்கிறான். நாளை உங்கள் பேப்பரின் கடைசிப் பக்கம் முழுக்க அதுதானாம், கீழே என் பெயரோடு. பத்து முறை அடித்தும் நீங்கள் போனை எடுக்கவில்லை. மேலே பத்திரிகைக்காரர்களைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டு, உடனே விளம்பரப் பிரிவுக்கு ஓடுங்கள். பக்கம் காலியாகிவிடுமே என்று தயங்க வேண்டாம். என் பாதி மொட்டைப் படத்தை, நம் கம்பெனிப் பையில் பார்த்த என் நம்பருக்கே ரோஷினி அனுப்பியிருக்கிறாள். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முழுச் சம்மதம்.