மஞ்சள் பின்னும் பதினைந்து ஓட்டையும்

பார்ப்பது வேறு, டிஜிட்டலாகப் பார்ப்பது வேறு. இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமையை ஜப்பான்காரன் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. அது மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் இருந்த 'உப்பளப் பகுதி நல அலுவலக'த்துக்கே சொந்தம். நடந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மே மாதம். கூடவே இருந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவள், உப்பு வாரும் சாலம்மாள்.

சாலம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், குடிக்கத் தண்ணீர். உப்பளத்துக்கென்று ஒரு தொட்டி கட்டி, குழாய் வைத்து, ரிப்பன் வெட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரிப்பன் வெட்டிய மூன்றாம் மாதமே தண்ணீர் நின்றுபோனது. செவ்வாயும் வெள்ளியும் லாரி வரும். வீட்டுக்கு ஒரு குடம். மே மாத வெயிலில், சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு கண்ணைப் பறிக்க, ஒரு குடத்தை வைத்துக்கொண்டு மூன்று நாலு நாள் ஓட்ட வேண்டும். சாலம்மாள் ஏழு மனு கொடுத்திருந்தாள். ஏழுக்கும் ஒரே பதில் வந்தது: 'குழாய் நல்ல நிலையில் உள்ளது.' பொய் சொல்லக் கூடாது, குழாய் நல்ல நிலையில்தான் இருந்தது. உபயோகப்படுத்தினால்தானே தேயும்.

அப்போதுதான் அலுவலகத்துக்கு அந்தத் தட்டைத் திரை வந்தது. நாற்பத்திரண்டு அங்குலம். கூட்ட அறைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். கீழே ஓர் அறிவிப்பும் ஒட்டினார்கள்: 'வீடியோ ஆதாரத்துடன் வரும் புகார்கள் மீது உடனடி நடவடிக்கை.' சாலம்மாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நேராக ஜான்சன் வீட்டுக்குப் போனாள்.

ஜான்சன், கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் படம் பிடிப்பவன். பத்து வருஷத்துப் பழைய கேசட் கேமரா வைத்திருந்தான். உறவுக்காரர்கள் நடுநடுவே பேசிப் பேசி அவன் பிடித்த படங்களையெல்லாம் கெடுத்திருந்ததால், குழாயடியில் எல்லாரையும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டான். கேமராவே பேசும் என்றான். குழாயைத் திறந்தார்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று வந்தது. கீழே வரிசையாகக் காலிக் குடங்கள். நாலு நிமிஷம் பிடித்தான்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். தனி அலுவலர் கலையரசன் தலைமை தாங்கினார். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நவீனமானவர், அவ்வளவுதான். கேமராவிலிருந்து வந்த ஒயரின் நுனியில் மஞ்சள் பின் ஒன்று, வெள்ளைப் பின் ஒன்று. ஜான்சன் அதைப் பிடித்துக்கொண்டு திரையை வலம் வந்தான். பின்பக்கம் இருந்ததோ பதினைந்து பொடி ஓட்டைகள் கொண்ட, கம்ப்யூட்டர் ஒயருக்கான ஒரு நீலத் துளை. மஞ்சள் பின் நுழைய ஒரு பொந்துகூட இல்லை. இது நவீனத் திரை, கண்டதையும் ஏற்றுக்கொள்ளாது என்று கலையரசன் பெருமையாகச் சொன்னார்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சுலோசனா ஒரு யோசனை சொன்னாள். தொட்டி மூன்று கிலோமீட்டரில்தான் இருக்கிறது, ஜீப்பில் போனால் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்றாள். விவரமில்லாத பெண்.

"நேர்ல பார்த்தா அது என்னோட சொந்தக் கருத்தாயிடும்மா," என்றார் கலையரசன். "ஸ்கிரீன்ல பார்த்தாதான் ஆதாரம்."

புதுச்சேரியில் கொடுத்து கேசட்டை சி.டி.யாக மாற்றி வரட்டுமா என்று ஜான்சன் கேட்டான். நகலில் தில்லுமுல்லு செய்துவிடலாம், அசல் கேசட்தான் செல்லும் என்று பதில் வந்தது. எரிச்சலில் திரும்பிய சாலம்மாளின் கண்ணில், பக்கத்து அறையில் ஒரு பழைய தொப்பை டிவி பட்டது. ஊழியர்கள் நாலைந்து பேர் அதில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் முகத்திலேயே மஞ்சளாக ஓர் ஓட்டை. ஜான்சன் ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கலையரசன் தடுத்துவிட்டார். "அத போன மாசமே கண்டம் பண்ணிக் கழிச்சாச்சுப்பா. ரெஜிஸ்டர்ல கெடையாது. இல்லாத டிவியில தெரியறத நான் எப்பிடிப் பார்க்கறது?"

இல்லாத டிவியில் அந்த நேரம் யாரோ சிக்ஸர் அடித்தார்கள். அறையில் கைதட்டல் எழுந்தது.

அடுத்த வாரமும் பின் நுழையவில்லை. மூன்றாம் திங்கட்கிழமை ஜான்சன் புதுச்சேரிக் கடைவீதியில் அலைந்து ஒரு கேபிளோடு வந்தான். ஒரு முனையில் மஞ்சள் பின்னுக்கு ஓட்டை, மறுமுனையில் பதினைந்து கால்கள். போட்டால் கச்சிதமாகப் பொருந்தும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். சொன்ன சொல் தவறவில்லை, பொருந்தத்தான் செய்தது. ஆனால் அந்தக் கேமரா பேசுவது ஒரு பாஷை, இந்தத் திரைக்குப் புரிவது இன்னொரு பாஷை. நடுவில் மாற்றிச் சொல்ல ஒரு பெட்டி வேண்டும், வெறும் ஒயர் அதைச் செய்யாது. இது ஜான்சனுக்குத் தெரிய வந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

வெள்ளைப் பின்னை, அதாவது சத்தத்துக்கான பின்னை, கூட்ட அறை மைக் செட்டில் சொருகினான். கேசட்டை ஓடவிட்டான். திரை முழுக்க நீலம் பரவியது. ஓரத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தாக, சமிக்ஞை இல்லை என்று ஒரு வரி. அறையின் நான்கு மூலை ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்' என்று பொழிந்தது.

கலையரசன் கண்ணை மூடிக்கொண்டு நாலு நிமிஷமும் கேட்டார். கச்சேரியில் முன்வரிசைக்காரர் மாதிரி தலையை ஆட்டினார். பிறகு கண்ணைத் திறந்து, "தண்ணி நல்லா ஃபோர்ஸா வருது," என்றார்.

சுலோசனா மெதுவாக, படம் வரவில்லையே சார் என்றாள். நீலமாகத் தெரிகிறதே, அது என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். தண்ணீருக்கு வேறு என்ன நிறம் இருக்கும்? சாக்கடை மாதிரி கறுப்பாகவா வந்தது? சாலம்மாள் எழுந்தாள். அது தண்ணீர் இல்லை, வெறும் காத்து, நான் பக்கத்திலேயே நின்னேன் என்றாள்.

"நீங்க நேர்ல பார்த்தவங்கம்மா," என்றார் அவர் பரிவோடு. "உங்களுக்கு ஒருதலைப்பட்சம் இருக்கத்தான் செய்யும். நாங்க நடுநிலையா பார்க்கறோம்."

மூன்றே நாளில் உத்தரவு வந்தது. ஏழு மனுவுக்கு இல்லாத வேகம். 'உப்பளக் குழாயில் நீர்வரத்து மின்னணு முறையில் ஐயமற உறுதி செய்யப்பட்டுள்ளதால், வாரம் இருமுறை அனுப்பப்படும் லாரி நீர் இன்று முதல் நிறுத்தப்படுகிறது.'

ஆக, புகார் கொடுக்கப் போன இடத்தில் இருந்த ஒரு குடமும் போனது. பிரம்மதேசம் போகும் ரோட்டில் யாரோ ஒருவரின் பம்புசெட் வரை நடந்து போய்ப் பெண்கள் தண்ணீர் தூக்கினார்கள். போய்வருவதற்குள் பாதி நாள் வேலை கெட்டது. பதினைந்தாம் நாள், சாலம்மாளோடு உப்பு வாரிக்கொண்டிருந்த பாப்பாத்தி பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். அவள் முகத்தில் தெளிக்க ஒரு கை நல்ல தண்ணீர் இல்லை. கிடந்தது உப்புத் தண்ணீர்தான். சாலம்மாள் அதையே அள்ளித் தெளித்தாள். தன் மீதே அவளுக்குக் கோபம் வந்தது, அந்த அறிவிப்பை ஏன் படித்துத் தொலைத்தோம் என்று.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு பெண்கள் இடுப்பில் குடத்தோடு கூட்ட அறைக்குள் நுழைந்தார்கள். கலையரசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'பயனாளிகள்' நன்றி சொல்ல வந்திருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். சுலோசனாவைக் கூப்பிட்டு, திரை பின்னால் தெரியும்படி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு, தொழில்நுட்பம் கடைக்கோடி மனிதரை எட்டிய விதம் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

அவர் பேசப் பேச, பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மூலைக்குப் போனார்கள். அங்கே ஸ்டாண்டின் மேல் அலுவலகத்துக் கேன் தண்ணீர் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகக் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சுலோசனா பார்த்தாள், பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததும் கலையரசனுக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டார். கேன் காலி என்றாள் சுலோசனா, திரும்பாமலேயே.

சாலம்மாள் எழுந்து வந்தாள். மேஜையில் இருந்த வெறும் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, பெரியவர்களுக்குக் கொடுப்பது போல மரியாதையாக நீட்டினாள்.

"லாரிய நிறுத்தினது நீங்க. கொழாயில வருதுன்னு எழுதினது நீங்க. பதினஞ்சு நாளுக்கு மேலா நாங்க இதத்தான் குடிக்கிறோம். நீங்களும் ஒரு வாய் குடிங்க சார்."