ரொமொரான்தனிடம் வேலை வாங்கிய பந்தல் அண்ணை

பாரிசில் நம்மவர் கடைத்தெருவான லா சப்பலில் முதலாளியோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு, கடவுளோடு பிடித்தவர்களும் உண்டு. பருவகாலத்தோடு சண்டை பிடித்தவர் பந்தல் அண்ணை ஒருவர்தான்.

2010 வாக்கில் லுவார் ஆற்றுப் பக்கம் திராட்சை பிடுங்கும் வேலைக்குப் போனவர், திரும்பும்போது ஒரு திராட்சைக் கன்றோடு வந்தார். பெயர் ரொமொரான்தன். வெள்ளை வைன் வடிக்கிற சாதி. அந்த நாலைந்து ஊரை விட்டால் வேறெங்கும் காண்பது அரிது. "பாரிசில் சரிவராது" என்று சொல்லித்தான் தோட்டக்காரக் கிழவி கொடுத்தாளாம்.

"யாழ்ப்பாணத்தானிட்டை அப்பிடிச் சொல்லலாமோ?" என்றார் அண்ணை. இத்தனைக்கும் வைனை மோந்தும் பார்க்காத மனுசன்.

நாலாம் மாடி பல்கனியில் பந்தல் எழும்பியது. அவர் மனைவி ஈர உடுப்போடு நின்று கேட்டார்:

"உடுப்புக் காயப்போட எனக்கு எங்கை இடம்?"

"குசினிக்கை போடு. இவள் வெயில் பாக்கிற பிள்ளை."

மூன்றாம் வருடமும் கொடியில் இலைதான். ஜூலை மாதம் அண்ணை கத்தரிக்கோலை எடுத்தார். ஊரில் காய்க்க வைக்கிற முறைப்படி இலையை உருவி, கிளையை நறுக்கி, மொட்டையடித்துவிட்டார்.

"அண்ணை, இஞ்சை அது தன்ரை நேரத்திலைதானே காய்க்கும்?" என்றேன்.

"ஏன், இதுவும் பிரெஞ்சுக்காரர் மாதிரி வக்கான்ஸ் லீவிலை போகுமோ? வேலை வாங்கத் தெரியவேணும், தம்பி!"

ஆவணியில் தளிர் வந்தது. தெரு முழுக்க வடை கொடுத்தார். பிறகு பனி வந்தது. இளந்தளிரோடு கொடியே கருகி, அடுத்த வசந்தத்தில் வெறும் தடியாக நின்றது.

"அண்ணை, செத்த கொடிக்கு எட்டுச் சிலவு எப்ப?" என்று மீன்கடைக்காரர் கேட்டார். அண்ணை சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"கிழவியிட்டைச் சொல்லவேணும். வா, நீ பிரெஞ்சு கதைப்பாய்."

"ஏன் சொல்லவேணும்? அவவுக்குத் தெரியவா போகுது?"

"பிள்ளையைத் தந்த மனுசியிட்டைப் பிள்ளை செத்ததை மறைக்கலாமோடா?"

செத்தவீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டோடு ரயிலேறினார். கிழவியின் முன்னால் கைகட்டி நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஜூலையிலா வெட்டினான்?"

கேட்டவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்தே விட்டாள். சிரித்து முடிய எழுந்துபோய் இரண்டு கன்றுகளைக் கொண்டுவந்தாள். ஒன்றை அண்ணையிடம் கொடுத்தாள். மற்றதை என் கையில் திணித்தாள்: "இது, இவன் எட்டாத தூரத்தில் வளரட்டும்."

அது இப்போது பாரிசுக்கு வெளியே, சார்செலில் என் பல்கனியில் நிற்கிறது. ஞாயிறு தோறும் அண்ணை ரயில் பிடித்து வந்து, என்னைச் சுகம் விசாரிக்காமல் நேரே அதனிடம் போவார். ஒரு ஞாயிறு அவர் வராவிட்டால் கொடிக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் எங்களுக்குத்தான் சோறு இறங்காது.